ஜெபிக்கட்டுமா என்று கேட்கும் செவிலியர்

நர்சிங் கல்லூரியில் நெறிமுறைப் பாடத்தை நான் ஒரு வழக்கைச் சொல்லித்தான் தொடங்குவேன். இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில், டார்ட்ஃபர்டு நகரையொட்டி டேரன்ட் வேலி மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டவர்களை முன்கூட்டியே அழைத்து, ஏற்கெனவே உள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் முதலியவற்றைக் கேட்டுப் படிவம் நிரப்பும் பணியில் சாரா குட்டே என்ற சிஸ்டர் அங்கே இருந்தார். அந்தப் படிவத்தில் மதத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அவர் தம் விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார் என்று நோயாளிகள் புகார் செய்தார்கள்; நிர்வாகம் எச்சரித்தது; நோயாளியே கேட்டாலன்றி இனி மதம் பேசமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்; அதன் பிறகும் புகார்கள் வந்தன. குடல் புற்றுநோய் அறுவைக்குக் காத்திருந்த ஒருவரிடம், ஜெபித்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று சொன்னார் என்பது ஒரு புகார். நோயாளி ஒருவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டு உரக்க ஜெபித்து, 23ஆம் சங்கீதத்தைத் தம்மோடு சேர்ந்து பாடச் சொன்னார் என்பது இன்னொன்று. 2016 ஆகஸ்டில் அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். செவிலியருக்கான ஒழுங்குமுறை மன்றம் 2018இல் அவரை மீண்டும் பணிபுரிய அனுமதித்தது என்றாலும், வேலைநீக்கம் நியாயமானதே என்று 2019 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நீதிமன்றம் சொன்னது சரியா என்று மாணவியரைக் கேட்பேன். எங்கள் மாவட்டத்து வகுப்பறைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பிள்ளைகள். ஆகவே அவர்கள் அந்தச் சிஸ்டரின் பக்கமும் மற்றவர்கள் எதிர்ப்பக்கமும் நிற்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கக்கூடும். அப்படி நடப்பதில்லை. "நல்லதுக்குத்தானே மேம் ஜெபிச்சாங்க, அதுக்குப் போய் வேலையை எடுக்கலாமா?" என்று ஒருமுறை எழுந்து கேட்டவள், நெற்றியில் திருநீறு இட்டிருந்த தென்காசிப் பெண். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, எந்தச் சாமியின் பெயரால் வேண்டினாலும் அது வேண்டுதல்தான். அவளுக்குப் பதில் சொன்னவள் போதகர் வீட்டுப் பிள்ளை: "எங்க அப்பா ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பாக்கப் போனாக்கூட, ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டுட்டுத்தான் பண்ணுவாங்க. வேண்டாம்னா விட்டுட்டு வந்துருவாங்க." நான் அந்த மணிநேரத்தில் சொல்லவிருந்ததில் பாதியை அவள் சொல்லிவிட்டாள்.

மீதிப் பாதி இதுதான். போதகரிடம் வேண்டாம் என்று சொன்னால் நோயாளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. செவிலியரிடம் அப்படிச் சொல்ல நோயாளி அஞ்சுவார். ஏனெனில் வலி மருந்து, பெட்பேன், இரவில் மணியடித்தால் வருவது எல்லாமே அவர் கையில்தான் இருக்கின்றன. அது மட்டுமன்று. சீருடை அணிந்தவர் வாயிலிருந்து "பிழைக்கும் வாய்ப்பு கூடும்" என்று வரும் சொல்லை, நோயாளி மருத்துவத் தகவலாகவே கேட்டுக்கொள்வார். விசுவாசியாக அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்கலாம். செவிலியராக அதைச் சொல்ல அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டு பேராகவும் ஒரே நேரத்தில் பேசியதுதான் அங்கே நேர்ந்த தவறு என்பது என் கருத்து.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், கரோலின் பெட்ரீ என்ற சமுதாயச் செவிலியருக்கு நேர்ந்தது அநியாயம். 2008 டிசம்பரில், வடக்கு சாமர்செட் பகுதியில் மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குப் போய்க் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் புறப்படும்போது, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டார், மூதாட்டி வேண்டாம் என்றார், அவரும் வந்துவிட்டார். மூதாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஆயினும் செய்தி மேலிடம்வரை போய் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாடெங்கும் கிளம்பிய கண்டனத்துக்குப் பிறகு 2009 பிப்ரவரியில் திரும்ப அழைக்கப்பட்டார். பிரிட்டனின் செவிலியர் நடத்தை விதி, சொந்த மத நம்பிக்கைகளைப் "பொருத்தமற்ற முறையில்" நோயாளியிடம் வெளிப்படுத்தக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. எது பொருத்தமற்றது என்பதை முடிவுசெய்யும் மேலாளர்களுக்கு மதம் என்றாலே கைகால் உதறுவது வேறு கதை. லண்டனின் குரோய்டனில் தியேட்டர் (அறுவை அரங்கு) செவிலியர் ஒருவர் கழுத்தில் சிறு சிலுவை அணிந்ததற்காகத் துன்புறுத்தப்பட்டார் என்று 2022இல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் கண்டறிந்தபோது, அதே மருத்துவமனையில் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் கையில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் தடை இல்லாதிருந்ததைச் சுட்டிக்காட்டியது.

இங்கிலாந்தின் கதை இப்படி. அங்கே ஜெபிக்கும் செவிலியர் நிறுவனத்தின் போக்குக்கு மாறாக நடப்பவர். தென்னிந்திய மிஷன் மருத்துவமனையிலோ நிறுவனமே ஜெபிக்கிறது. காலை டியூட்டி மாறும்போது ஒரு பாமாலைப் பாட்டும் சிறு ஜெபமும் முடிந்த பிறகே, நோயாளிகளின் விவரங்களை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் தொடங்கும். தியேட்டர் மேசையில் படுத்திருப்பவருக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் மருத்துவரோ செவிலியரோ ஒரு நிமிடம் தலைகுனிவார். வார்டுச் சுவரில் வசனம் எழுதிய பலகை இருக்கும். நான் படித்ததும் வேலை பார்த்ததும் அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். நோயாளிகளில் பெரும்பாலோர் இந்துக்கள்; அவர்கள் அதைத் தெரிந்தேதான் வருகிறார்கள், பலர் அதற்காகவே வருகிறார்கள். "அந்தம்மா ஜெபம் பண்ணிட்டு ஊசி போட்டா வலிக்காது" என்று சொல்லும் கிராமத்துப் பாட்டிகளை நம் ஊரில் நர்சிங் படித்த எல்லோரும் பார்த்திருப்போம். ஆகவே இந்தப் பிரச்சினை நம்மிடம் வேறு இடத்தில் முளைக்கிறது.

அந்த இடத்தைக் காண, தொழிலே எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிக்குப் போனது ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊருக்கு. தியோடர் ஃபிலீட்னர் என்ற லூத்தரன் போதகர் 1836இல் அங்கே தொடங்கிய சகோதரியர் இல்லத்தில், 1851இல் அவர் மூன்று மாதம் தங்கினார். பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதியபோது, அங்கே நர்சிங் என்று ஒன்றுமே இல்லை, சுகாதாரம் படுமோசம் என்றும், ஆனால் அதைவிடத் தூய அர்ப்பணிப்பைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றும் குறிப்பிட்டார். பக்திக்கு ஒரு மதிப்பெண், வேலைக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட்ட அந்தக் கணக்கில்தான் நவீன செவிலியம் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். 1854இல் கிரிமியப் போருக்கு 38 பெண்களை அவர் அழைத்துச் சென்றபோது அதில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர்; அவர்கள் காயம்பட்ட புராட்டஸ்டன்ட் வீரர்களிடம் மதம் பேசிவிடுவார்களோ என்று லண்டனில் பத்திரிகைகள் கூச்சலிட்டன. படுக்கையோரத்தில் மதம் பேசலாமா என்ற கேள்விக்கு அப்போதே வயது தொடங்கிவிட்டது.

நம் நாட்டுக்கு அந்தத் தொழில் வந்தது மிஷன் வழியாகத்தான். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902இல் நாற்பது படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனையைத் திறந்து, 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பிறகு 1918இல்தான் வந்தது. மலமூத்திரமும் சீழும் இரத்தமும் தொடும் வேலை, அந்நிய ஆணின் உடலைத் துடைக்கும் வேலை, இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்கும் வேலை என்பதால், சாதி இந்துக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் பெண்களை அனுப்பவில்லை. மதம் மாறிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும், மிஷன் இல்லங்களில் வளர்ந்த அநாதைகளும், இளம் விதவைகளுமே முதலில் வந்தார்கள். சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946இல் கணக்குச் சொன்னபோது நாட்டில் செவிலியர் ஏறக்குறைய 7,000 பேர்தான், அதாவது 43,000 பேருக்கு ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தில்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கியதும் அதே 1946இல்தான். யாரும் தொடாத தொழிலை விசுவாசம் தொட்டது என்பதை மறுப்பவருக்கு வரலாறு தெரியாது. தொழுநோயாளியின் புண்ணைக் கழுவுவதை ஒரு திறனாக வளர்த்ததும், 1980களின் கடைசியில் எச்ஐவி என்றாலே வார்டைவிட்டு ஓடிய காலத்தில் அந்தப் படுக்கைக்கு உணவு கொண்டுபோனதும் இத்தகைய மருத்துவமனைகளின் செவிலியர்தாம்.

ஆனால் அதே விசுவாசம் நோயாளியின் உடலை அணுகும் விதத்தைக் கவனித்தால்தான் சிக்கல் தெரியும். அறுவைக்குத் தயார்செய்யும் காலையை எடுத்துக்கொள்வோம். நகப்பூச்சு, பொட்டு, தோடு, மூக்குத்தி, கொலுசு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியை மாமியாரிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கழுத்தறுவை இல்லையென்றால் நாமும் அதைத் தொடுவதில்லை. குடலிறக்க அறுவைக்கு வரும் குழந்தையின் இடுப்பில் அரைஞாணும் அதில் ஒரு தாயத்தும் இருக்கும். அறுவையில் திசுவை மின்சாரத்தால் வெட்டும் டயதர்மி கருவியின் மின்சாரம் பாயும் உடலில் உலோகம் இருந்தால் சூடுபடும், வெட்டும் இடத்தருகே அழுக்கேறிய கயிறு இருந்தால் கிருமி தொற்றும். ஆகவே கழற்றத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நான் பயிற்சி பெற்ற வார்டில் மூத்த சிஸ்டர்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் நல்ல வேலைக்காரர்கள், இருவரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். முதலாமவர் கத்தரிக்கோலை எடுத்து அரைஞாணை நறுக்கி, தாயத்தோடு சேர்த்துக் குப்பை வாளியில் போடுவார். "இனிமே இதெல்லாம் எதுக்கு, இயேசப்பா பாத்துக்குவார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தாய் எதுவும் சொல்லமாட்டாள். பிள்ளை அறுவைக்குப் போகிற நேரத்தில் எந்தத் தாய் சிஸ்டரிடம் சண்டை போடுவாள்? இரண்டாமவர் முடிச்சை நகத்தால் மெதுவாக நெகிழ்த்தி அவிழ்ப்பார். கையுறை வந்த காகித உறைக்குள் அதைப் போட்டு, மேலே குழந்தையின் பெயரையும் ஐபி (உள்நோயாளி) எண்ணையும் எழுதி, நகை வாங்கிக்கொண்டதற்குப் போடுவதுபோலவே தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். "நாளன்னைக்குத் தையல் காஞ்சதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கட்டிக்கலாம்மா" என்பார். தோலைச் சுத்தம் செய்யும் முறையில் இருவருக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. செவிலியத் தொழில் என்று நான் மாணவியருக்குச் சொல்வது அந்தக் காகித உறையைத்தான்.

தியேட்டர் ஜெபத்தைப் பற்றியும் என்னைக் கேட்பார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய நேரம் முந்தைய நாள் மாலை; ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, "நாளைக்கு ஆரம்பிக்கும் முன்னாடி ஜெபம் பண்றது எங்க வழக்கம், உங்களுக்குச் சம்மதமா, இல்லை நீங்களே உங்க வேண்டுதலைச் சொல்லிக்கிறீங்களா?" என்று கேட்டுவிடலாம். ஆடை களைந்து, பச்சைத் துணி போர்த்தி, கையில் மருந்து ஏற்றும் கேனுலாக் குழாயோடு மல்லாந்து படுத்திருப்பவரிடம் கேட்பது கேள்வியே ஆகாது. முந்தைய நாள் கேட்டபோது "நான் கலிமா சொல்லிக்கிறேன்" என்று சொன்ன ஒரு மீன் வியாபாரிக்காக மயக்க மருத்துவர் அரை நிமிடம் ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருத்துவர் தீவிர விசுவாசி. அவருடைய விசுவாசத்துக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

திருச்சபையின் ஒழுங்கு நோயாளியின் தேவைக்குக் குறுக்கே நின்ற காலமும் உண்டு. துறவறக் கன்னியர் பிரசவம் பார்ப்பதும் மருத்துவம் செய்வதும் கற்பு வாக்குக்குப் பொருந்தாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நீண்டகால நிலைப்பாடு. ராவல்பிண்டியில் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டாத கோஷாப் பெண்கள் பிரசவத்தில் மடிவதைக் கண்ட ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இந்தத் தடையை நீக்கும்படி ரோமாபுரிக்கு மன்றாடினார். நீங்காமலே 1913இல் இறந்தார். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, போப்பாண்டவரின் தனி அனுமதியோடு 1920இல் குண்டூர் வந்து கன்னியர் சபையில் சேர்ந்தும் மருத்துவம் செய்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ராவல்பிண்டியில் வேலை பார்த்த ஆஸ்திரியரான அன்னா டெங்கல், 1925இல் அமெரிக்காவில் மருத்துவ மிஷன் சகோதரியர் அமைப்பைத் தொடங்கியபோது, முறையான துறவற வாக்கு எடுக்காமல் வெறும் பக்திச் சங்கமாகவே தொடங்க வேண்டியிருந்தது. தடை நீங்கியது 1936 பிப்ரவரியில். அதுவரை அந்த ஒழுங்கின் விலையைக் கொடுத்தவர்கள் கன்னியரோ ஆயர்களோ அல்லர், பிரசவ வலியில் கிடந்த பெண்கள்.

கருக்கலைப்பு விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கிளாஸ்கோவில் கத்தோலிக்க மருத்துவச்சியர் இருவர், கருக்கலைப்பு நடக்கும் வார்டில் மற்றவர்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பதும் மேற்பார்வையிடுவதும்கூடத் தங்கள் மனச்சாட்சிக்கு எதிரானது என்று வழக்காடினார்கள்; சிகிச்சையில் நேரடியாக ஈடுபடுவதை மறுக்கத்தான் 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, மேற்பார்வையை மறுக்க அன்று என்று 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தக் கோடு சரியாகவே படுகிறது. நம்மூர்க் கத்தோலிக்க மருத்துவமனையில் கருக்கலைப்பே கிடையாது என்பதால் செவிலியருக்கு இந்தச் சோதனை வேறு உருவில் வருகிறது: புறநோயாளர் பிரிவில் அழுதுகொண்டு நிற்கும் பெண்ணிடம் "இங்கே செய்றதில்லை" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதா, எங்கே போக வேண்டும் என்றும் சொல்வதா? 2021 திருத்தத்துக்குப் பிறகும் நம் நாட்டுக் கருக்கலைப்புச் சட்டம் பொதுவாக 20 வாரம், சில வகையினருக்கு 24 வாரம் என்று எல்லை வைத்திருக்கிறது; ஒவ்வொரு வாரத் தாமதமும் அவளுடைய உடம்பில்தான் ஏறுகிறது. அரசு மருத்துவமனையில் எந்த அறை, எந்த நாள் என்று சொல்லி அனுப்புவது பாவத்துக்கு உடந்தையாகும் என்று நினைக்கும் செவிலியர், அந்த மேசையில் உட்காராமல் வேறு டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வதே நேர்மை.

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளியின்மேல் செவிலியரின் விசுவாசம் அழுத்துவதைப் பற்றி. செவிலியரின்மேல் நிர்வாகத்தின் விசுவாசம் அழுத்துவதைப் பற்றிப் பேச நம் சபைகளில் வாய் வருவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே பிரச்சினையாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் பக்தியைப் பேசுபவர் அதிகாரம் உள்ளவர், மறுத்துப் பேச முடியாதவர் அதன் விலையைக் கொடுப்பவர். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய வந்தேன்" என்ற கருத்துள்ள வசனம், ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இலட்சிய வாக்கியம். எத்தனையோ மிஷன் மருத்துவமனைகளின் நுழைவாயிலில் அதைப் பார்க்கலாம். அழகான வாக்கியம். அதைச் சம்பளப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவருகிறபோதுதான் கசக்கத் தொடங்குகிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இரவுப் பணிக்குப் படி கேட்டு நாங்கள் எழுதிக்கொடுத்த மனு மாதக்கணக்கில் "பரிசீலனையில்" கிடந்தது. இடையில் வந்த கிறிஸ்துமஸ் ஆராதனையில், எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, தியாகச் சுடர்கள் என்று கைதட்டினார்கள். பிறகு வந்த பதிலில் ஒரு வசனம் இருந்தது, தொகை இல்லை. நாற்பது படுக்கை கொண்ட வார்டை இரவில் இரண்டு பேர் பார்த்துக்கொள்வதை ஜெபத்தால் சரிக்கட்ட முடியாது என்பதை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

நியாயமாகச் சொல்வதென்றால், சில மிஷன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவரும் வெளியில் கிடைப்பதில் சிறு பங்கையே வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார். தியாகம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் அதை ஊழியம் என்று ஒப்புக்கொள்வேன். மருத்துவருக்குச் சந்தை விலை, ஸ்கேன் இயந்திரத்துக்குச் சந்தை விலை, செவிலியருக்கு மட்டும் பரலோகத்தில் பலன் என்றால் அது சுரண்டல்தான்.

சட்டம் இதில் குழப்பமில்லாமல் பேசியிருக்கிறது. மருத்துவமனையும் அப்போதைய தொழிற்தகராறு சட்டத்தின் கண்ணில் ஒரு தொழில்தான் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம் என்பதால் அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு எங்களைக் காக்கும், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்ற வாதம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊழியர் சங்க வழக்கில் வந்தபோது, 1987இல் அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறுபான்மை உரிமை என்பது தொழிலாளர் சட்டத்திலிருந்து விலக்கு அன்று. ஆயினும் செவிலியர் வாய் திறக்க 2011வரை ஆயிற்று. அந்த ஆண்டு கேரளத்தில் ஐக்கிய செவிலியர் சங்கம் தோன்றியது. 2012இல் கோதமங்கலத்தில் திருச்சபை சார்ந்த ஒரு மருத்துவமனையில் வேலைநிறுத்தம் நூறு நாளைத் தாண்டி, செவிலியர் மூவர் மாடியின் உச்சியில் ஏறி நின்று, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் நேரில் வந்த பிறகே முடிவுக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையொட்டி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயை ஆணையாக்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பரிந்துரை பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருக்கிறது. அதற்காகக் குரல் கொடுத்த ஒரு பேராயரின் பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டால் நான் விழிப்பேன்.

ஆகவே பிள்ளைகள் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊழியம் கசந்து போகிறவர்கள் குறைவு. அண்ணன் வாங்கிய கல்விக்கடனும் தங்கையின் கல்யாணமும் அவர்களை அனுப்புகின்றன. என்னிடம் படித்த ஒருத்தி இப்போது லீட்ஸ் நகரில் முதியோர் வார்டில் இருக்கிறாள். இங்கே ஆராதனைக்கு வராவிட்டால் வார்டன் பெயர் எழுதிக்கொண்ட காலத்திலிருந்து, அங்கே வாயைத் திறந்து "ஆமென்" சொல்லவே யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன் மேம் என்று அவள் போனில் சிரித்தாள். ஒரு நள்ளிரவில், இறக்கும் தறுவாயிலிருந்த கிழவர் ஒருவர் தமக்காக ஜெபிக்கும்படி அவளைக் கேட்டிருக்கிறார். சாப்ளினை (மருத்துவமனைப் போதகரை) அழைக்கட்டுமா என்று கேட்டதற்கு, அவர் வரும்வரை நான் இருக்கமாட்டேன், நீயே செய் என்றாராம். அவள் ஜெபித்தாள்; பிறகு குறிப்பேட்டில், நோயாளியின் வேண்டுகோளின்படி ஜெபம் செய்யப்பட்டது என்று நேரத்தோடு எழுதிவைத்தாள். ஒருவரும் அவளை விளக்கம் கேட்கவில்லை.

ஆன்மிகத்தைத் தொழில் ஒதுக்கிவைத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு சரியானதன்று. ஆன்மிகத் துயர் என்பது 1978 முதலே செவிலிய நோயறிதல் பட்டியலில் இருக்கிறது. நோயாளியின் நம்பிக்கைகளும் வழக்கங்களும் மதிக்கப்படும் சூழலை உண்டாக்குவது செவிலியரின் கடமை என்று சர்வதேச நெறிமுறைத் தொகுப்பு சொல்கிறது. நம் மாணவியரின் கேஸ் ஸ்டடி படிவத்திலும் "ஆன்மிகத் தேவைகள்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லோரும் "மதம்: இந்து. தேவை: ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். இப்போது நான் அதை ஏற்பதில்லை. மனசு உடையும்போது எதைப் பிடித்துக்கொள்வீர்கள், யாரையாவது வரச்சொல்ல வேண்டுமா, நாங்கள் செய்யக்கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, வரும் பதிலை நோயாளியின் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவி எழுதிக்கொண்டுவந்த தாளில், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் பதில் இருந்தது: "எனக்குச் சாமி கும்புடுற பழக்கம் கிடையாது, நான் பெரியார் கட்சி. தலைக்கு மேல தொங்குற அந்த வசனத்தை மட்டும் எடுத்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்." பலகையில் இருந்தது "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்". மாணவி தயங்கித் தயங்கி அதை வார்டு சிஸ்டரிடம் காட்டியிருக்கிறாள். பலகை சுவரில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்ததால் கழற்ற முடியவில்லை. ஜன்னலோரப் படுக்கை அன்று காலியானதும் சிஸ்டர் பெரியவரை அங்கே மாற்றிவிட்டார், பழைய படுக்கைக்கு வந்தவர் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். "ஆன்மிகத் தேவை நிறைவேற்றப்பட்டது" என்று கட்டத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் போட்டேன். மருந்து அட்டவணையில் இரண்டு டோஸ் நேரத்தை விட்டிருந்ததற்கு மட்டும் குறைத்தேன்.